ஏழு டீயும் ஒரு பூட்டும்

"ஏழு பேர் கூடுற ரூமுக்குள்ள, நட்ட நடுவுல, மேஜை மேல ஏறி உக்காந்துகினு மொத்தக் கூட்டத்தையும் பாப்பேன். ஏழு பேர்ல ஒருத்தர் கண்ணுலயும் படமாட்டேன்!"

கும்மிடிப்பூண்டி பஜாரில், கயிறும் தார்ப்பாயும் மீன்வலையும் விற்கும் ரஷீத் பாயின் கடை வாசலில் நின்று துப்பறியும் ஜெய்னம்பு இப்படி ஒரு போடு போட்டாள். கரண்ட் கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கை ஒன்று கத்துவதை நிறுத்திவிட்டுக் கேட்டது. கேட்டுவிட்டு, நம்பாமல் பறந்து போனது.

காக்கையே நம்பாததை உதவியாளன் ஜெரால்ட் எப்படி நம்புவான்? ஒளிந்துகொள்வதற்கென்றே ஆண்டவன் சிலரைப் படைக்கிறான். ஜெய்னம்புவை அந்த உத்தேசத்தில் படைக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயது. அவள் ஷேர் ஆட்டோவில் ஏறினால் டிரைவர் இரண்டு பேரை இறக்கிவிட்டுத்தான் வண்டியை எடுப்பான். சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேட்டில் இருபது வருஷம், ஷிப்ட் முடிந்து போகும் பெண்களைச் சோதித்து அனுப்பும் செக்யூரிட்டியாக இருந்தவள். நடையைப் பார்த்தே மடியில் இருப்பது இரும்பா பித்தளையா என்று சொல்வாள். அதே கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை பார்த்த ஜெரால்ட், ஒருநாள் டிபன் கேரியரில் செம்புக் கம்பியைச் சுருட்டி வைத்து மேலே புளிசோறு பரப்பிக்கொண்டு கேட்டைத் தாண்டினான். இருபதடி தூரத்திலிருந்து, "ஏன்டா, உங்க ஊட்டுல புளிசோத்தை லேத்து மிசின்லயா கிண்டறாங்க?" என்று கேட்டவள் அவள்தான். அன்றோடு அந்த வேலை போயிற்று. பிறகு அவளே வேலையை விட்டுவிட்டு ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டபோது, முதல் காரியமாக ஜெரால்டைத் தேடிப் பிடித்து உதவியாளனாக வைத்துக்கொண்டாள். திருடத் தெரியாதவன் நம்பிக்கையானவனாக இருப்பான் என்பது அவள் கட்சி.

கடைக்குள் கயிற்றுச் சுருள் மேல் கால் நீட்டி உட்கார்ந்திருந்த ரஷீத் பாய் சிரித்தார். ஜெய்னம்புவுக்குத் தாய்மாமன். கலைச்சுடர் உயர்நிலைப் பள்ளியின் கமிட்டியில் ஒன்பது வருஷமாக மெம்பர்.

"ஏம்மா ஜெய்னம்பு, புளுகுனாலும் ஒரு அளவு வேணாவா? எங்க கமிட்டி வாத்தியாருங்களை எடுக்கக் கூடுனா, கதவ வெளிய பூட்டிடுவாங்க. எவனும் உள்ள பூந்து சிபாரிசு பண்ணக் கூடாதுன்னு முப்பது வருசத்துப் பழக்கம். முடிவு ஆனப்புறந்தான் பூட்டு தொறக்கும். உள்ள ஈ நுழையாது."

"ஈ நுழையாது மாமா. ஜெய்னம்பு நுழைவா."

"நாளைக்குப் பதினோரு மணிக்கு நானே அங்க உக்காந்திருப்பேன். உன் தலை தெரிஞ்சா நானே போலீசுக்குப் போன் போடுவேன். தங்கச்சி மவளாச்சேன்னு பாக்கமாட்டேன், ஆமா!"

"போடுங்க. நம்பரு நூறு."

தெருவுக்கு வந்ததும் ஜெரால்ட் கேட்டான். "அக்கா, மேஜை மேல ஏறி உக்காந்தா மேஜை தாங்குமா?"

"வாய மூடிக்கினு வா."

*

இரண்டு நாளுக்கு முன்னால் சோனியா டீச்சர் அவர்கள் ஆபீஸ் மாடிப்படி ஏறி வந்ததில்தான் இத்தனையும் தொடங்கியது. ஒல்லியான உருவம், விரல் நுனியில் சாக்பீஸ் தூள். அப்பா ஆரம்பாக்கத்தில் நாற்று நட்டவர், அப்புறம் இரும்பு மில்லுக்குப் போனவர். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியது இவள்தான். கலைச்சுடர் பள்ளியில் ஆறு வருஷமாகத் தற்காலிகக் கணக்கு டீச்சர். இதற்குள் மூன்று தடவை நிரந்தர இடம் காலியாயிற்று. மூன்று தடவையும் பாடம் நடத்தச் சொல்லிப் பார்த்தார்கள், கேள்வி கேட்டார்கள், கடைசியில் கமிட்டி கதவைப் பூட்டிக்கொண்டு கூடியது. மூன்று தடவையும் ஒரே வரி வெளியே வந்தது: 'சோனியா, தகுதி போதவில்லை. ஏகமனதாக.'

இப்போது நாலாவது இடம். அதுவும் அவள் நின்று பாடம் நடத்திக்கொண்டிருக்கும் அதே கணக்கு இடம். அதில் வேறு ஆள் வந்து உட்கார்ந்தால் சோனியாவுக்குத் தற்காலிக வேலையும் கிடையாது. கமிட்டி முடிவெடுத்த மறுநாள் காலை கோப்பு திருவள்ளூர் கல்வி ஆபீசுக்குப் போய்விடும். அங்கே முத்திரை விழுந்துவிட்டால் அப்புறம் யார் கத்தியும் பிரயோஜனம் இல்லை.

"எனக்கு வேலை வாங்கிக் குடுங்கன்னு கேக்கலக்கா," என்றாள் சோனியா. "அந்தப் பூட்டுன ரூமுக்குள்ள என்னைப் பத்தி இன்னா பேசறாங்கன்னு மட்டும் தெரியணும். மொத தபா, குரல் சின்னதா இருக்குன்னு நெனச்சாங்களோன்னு கத்திப் பாடம் நடத்துனேன். ரெண்டாவது தபா, கையெழுத்தோன்னு நோட்டு வாங்கி எழுதிப் பழகுனேன். மூணாவது தபா, பேச்சோன்னு ஊட்டுலகூட புக்குல இருக்கற மாதிரியே பேசுனேன். எங்கம்மா பயந்துட்டாங்க. எது தப்புன்னு சொன்னா திருத்திக்குவேன். சொல்லமாட்டேங்கறாங்களே!"

ஜெரால்ட் வாயில் ஒரு நக்கல் வந்து நின்றது. சோனியாவின் விரலில் இருந்த சாக்பீஸ் தூளைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டான்.

*

ரஷீத் பாயிடம் சவால் விட்ட மறுநாள், காலை ஒன்பதரை. ஏப்ரல் வெயில் எப்படி என்றால், தண்டவாளம் இளகி, சென்னை மின்சார ரயில் தொய்ந்து தொய்ந்து வந்தது. பள்ளி மாடியில் கோடி அறைதான் கமிட்டி ரூம். பியூன் பரசுராமன் கூட்டிவிட்டு வாளியோடு கீழே இறங்கினான். டி.சி. வாங்க வந்த பெற்றோரைப் போல முகத்தை வைத்துக்கொண்டு நின்ற இருவரும் உள்ளே நுழைந்தார்கள்.

ஒளிய இடம் தேட வேண்டியிருக்கவில்லை. மூலையில் பள்ளி ஆண்டு விழாவுக்கு வரைந்த திரை தொங்கியது: தூண்களும் மயிலுமாக ஒரு ராஜ அரண்மனை. ஜெய்னம்பு அரண்மனைக்குப் பின்னால் போய் நின்றாள். அரண்மனைக்குக் கர்ப்பம் ஆன மாதிரி நடுவில் துருத்திக்கொண்டது.

"அக்கா, மூச்சை இழுத்துப் புடி. மயிலு நம்மளை நோக்கி வருது."

கால் மணி நேரத்தில் பரசுராமன் திரும்பி வந்தான். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கதவை இழுத்துச் சாத்தும் சத்தம், நாதாங்கி போடும் சத்தம், யானை கட்டும் சங்கிலிக்குப் பூட்டும் பூட்டைப் போல ஒரு 'டொக்'. அப்புறம் வெளியே ஆணியில் பலகை மாட்டும் சத்தம். 'கூட்டம் நடைபெறுகிறது. உள்ளே வரக் கூடாது.'

ஜெரால்ட் திரைக்கு வெளியே தலையை நீட்டினான். "பூட்டிட்டான்க்கா. கமிட்டி இன்னும் வரலையே. மெம்பருங்க எந்த வழியா வருவாங்க? கூரையைப் பிரிச்சிக்கினா?"

ஜெய்னம்பு திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அறையைச் சுற்றி ஒரு பார்வை, கேட்டில் ஷிப்ட் விடும்போது பார்ப்பாளே, அந்தப் பார்வை. ஒரே கதவு. எதிர்ச்சுவரில் கம்பி போட்ட ஜன்னல். கதவுக்குப் பக்கத்தில், முன்னொரு காலத்தில் இந்த அறையில் பீஸ் வாங்கியபோது வைத்த கை நுழையும் அரைவட்ட ஓட்டை, உள்ளே அதற்கு ஒரு பலகைத் தட்டு. ஒரு பீரோ. கண்ணாடி போட்ட பெரிய மேஜை.

"ஜெரால்டு, இந்த ரூம்ல இன்னா இல்ல?"

"ஃபேன் கீது, காத்து இல்ல."

"நாற்காலிடா. ஏழு பெரிய மனுசங்க வர்ற ரூம்ல ஒரு முக்காலிகூட இல்ல."

"நின்னுகினே பேசுவாங்களோ இன்னாவோ. சீக்கிரம் முடிஞ்சிடும்."

ஜெய்னம்பு மேஜை மேல் ஏறி உட்கார்ந்தாள். மேஜை ஒரு முறை 'ஐயோ' என்றது, அப்புறம் பழகிக்கொண்டது. நட்ட நடுவில்தான் உட்கார்ந்திருந்தாள்.

நேரம் போயிற்று. போயிற்று என்று சொன்னால் பொய், நேரமும் அவர்களோடு உள்ளே மாட்டிக்கொண்டு நின்றது. தளம் காய்ந்து, தலைக்கு மேல் தோசைக்கல் கவிழ்த்த மாதிரி இருந்தது. ஃபேனைப் போட்டால் சத்தம் வெளியே கேட்கும். ஜெரால்ட் ஜன்னல் கம்பியை அசைத்துப் பார்த்தான். அதை வைத்தவன் பிறகு ஜெயில் கட்டப் போயிருக்க வேண்டும். கதவில் காது வைத்தான். வராந்தாவில் பரசுராமன் போகிறவர் வருகிறவரையெல்லாம் அதட்டிக்கொண்டிருந்தான்.

"ஷ்ஷ்! செருப்பு சத்தம் இன்னாத்துக்கு? உள்ள கமிட்டி நடக்குது!"

ஜெரால்ட் திரும்பி அறையைப் பார்த்தான். மேஜை, பீரோ, அரண்மனை, ஜெய்னம்பு.

"அக்கா... உள்ளன்னா, இந்த உள்ளயா?"

பதினொன்றேகாலுக்கு அரைவட்ட ஓட்டையில் கண்ணாடி வளையல் போட்ட கை ஒன்று நுழைந்தது. தட்டு நிறைய டீ கிளாஸ்களைப் பலகையில் வைத்தது. "மெம்பருங்களுக்கு ஏழு டீ!" என்று டீக்கடை அஞ்சம்மாளின் குரல். கை மறைந்தது. ஓட்டைக்கு மறைவாகச் சுவரோடு சுவராக ஒட்டியிருந்த ஜெரால்ட் உயிரைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

ஜெய்னம்பு டீயைப் பார்க்கவில்லை. எதிர் ஜன்னலுக்குக் கீழே குனிந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தரையிலிருந்து ஜன்னல் திட்டு வரைக்கும் எறும்பு வரிசை. திருவள்ளூர் கோவிலுக்கு அமாவாசையன்று போகும் கூட்டம் தோற்கும். திட்டில் பழுப்பு பழுப்பாகக் கறை, ஒன்றின் மேல் ஒன்று, வருஷக்கணக்கில் படிந்தது.

"எறும்பு எதுக்குடா வரும்?"

"சக்கரைக்கு."

"சக்கரை எதுல கீது?"

ஜெரால்ட் ஏழு கிளாஸையும் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான். தலைக்குள் ஏதோ பொருந்தி உட்கார்ந்தது. "யாருமே குடிக்காத டீயைப் பரசுராமன் ஜன்னல் வழியா ஊத்தறான்! அப்போ... கமிட்டி..."

"கமிட்டி கூடறதே இல்லடா. இன்னிக்கு மட்டுமில்ல, அந்தக் கறைய எண்ணிப் பாரு. எப்பவுமே கூடல. ரகசியக் கூட்டம், ரகசியக் கூட்டம்னு பூட்டி வெச்சிருக்கறது இந்த ரகசியத்தைத்தான்."

ஜெரால்ட் குதிக்கப் போனான். அவள் அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"குதிக்காத. வெளிய போயி இன்னா சொல்லுவ? பூட்டுன ரூம்ல பூந்தோம், அங்க யாரும் இல்லைன்னு சொல்லுவியா? ஏழு கையெழுத்து ஒரு பக்கம், டிபன் கேரியர்ல செம்பு எடுத்தவன் ஒரு பக்கம். எவன் நம்புவான்? பரசுராமன் கதவைத் தொறந்ததும் 'திருடன் திருடன்'னு ஒரு கூச்சல் போட்டா நம்ம கதை முடிஞ்சிது."

உண்மை கைக்குள் வந்துவிட்டது, கை வெளியே போக வழியில்லை. ஜெரால்ட் டீத் தட்டைப் பார்த்தான்.

"ஒரு டீ எடுத்துக்கட்டாக்கா?"

"ஏழும் எடுத்துக்க."

"இன்னாது?"

"ஏழையும் குடி. ஒரு சொட்டு வெக்காத. கிளாஸை அதே மாதிரி தட்டுல வெச்சிடு. எனக்கு சுகர், இல்லாட்டி ஒத்தாசை பண்ணுவேன்."

ஏன் என்று கேட்டால் சொல்லமாட்டாள். ஜெரால்ட் முதல் டீயை ரசித்துக் குடித்தான். இரண்டாவதைப் பொறுப்போடு குடித்தான். நாலாவதில் கண் பிதுங்கியது. ஐந்தாவதைக் கையில் எடுத்தபோதுதான் கதவுக்கு வெளியே அந்தக் குரல் கேட்டது.

"சார்..."

சோனியா. மேஜையிலிருந்து ஆறடி தூரம், நடுவில் ஒரு மரக்கதவு.

"வாம்மா, வா." பள்ளித் தாளாளர் துளசிராமனின் குரல். வெல்லம் காய்ச்சி வடித்த மாதிரி. "இங்க நிக்கக் கூடாதே நீ. உள்ள உன் விசயந்தான் போய்க்கினு இருக்கு."

"நீங்க உள்ள இல்லையா சார்?"

"நான் இருந்தா மெம்பருங்க மனசு வுட்டுப் பேச மாட்டாங்கம்மா. அதான் நானே வெளிய வந்துட்டேன். ஒரே காரசாரம். நாலு பேரு ஒரு மாதிரி சொல்றாங்க, மூணு பேரு ஒரு மாதிரி சொல்றாங்க."

"எம்மேல இன்னா குறை சார் சொல்றாங்க?"

ஜெரால்ட் கிளாஸைப் பிடித்தபடி அறையைச் சுற்றிப் பார்த்தான். நாலு பேரையும் காணோம், மூன்று பேரையும் காணோம். எறும்புகள்தான் திட்டில் ஏறிக்கொண்டிருந்தன.

"அது ரகசியம்மா," என்றது வெல்லக் குரல். "ஒண்ணு மட்டும் சொல்றேன். ரொம்ப நேரமா ரொம்ப ஆழமா யோசிக்கிறாங்க. அவ்ளோ பேரு உன்னைப் பத்தி யோசிக்கிறதே உனக்குப் பெருமைதான். போயி உன் வகுப்பைப் பாரு."

சோனியாவின் செருப்புச் சத்தம் மெதுவாக, ஒவ்வொரு படியாக இறங்கிப் போயிற்று.

குரல் சின்னது என்று கத்திய குரல், நோட்டு வாங்கிப் பழகிய கையெழுத்து, அம்மாவைப் பயமுறுத்திய பேச்சு. எல்லாம் இந்தக் காலி அறைக்காக. ஜெரால்டுக்கு வாழ்நாளில் முதல் தடவையாக நக்கல் எதுவும் வாயில் வரவில்லை. ஐந்தாவது டீயை ஒரே மூச்சில் குடித்தான். ஆறாவதையும் ஏழாவதையும் கோபத்தில் குடித்தான்.

"அக்கா, அந்தாளை நான்..."

"தெரியும். இப்ப கம்முனு வா, அரண்மனைக்கு."

பன்னிரண்டரைக்கு வராந்தாவில் பித்தளை மணி அடித்தது. கூட்டம் முடிந்ததாக ஊருக்கு அறிவிப்பு. ஏழு டீ உள்ளே போன ஜெரால்டுக்கு அந்த ஒன்றேகால் மணி நேரம் எப்படிப் போயிற்று என்பதைக் கதையில் எழுத முடியாது. இரண்டு காலையும் பின்னிக்கொண்டு, ஆரணி ஆற்று வெள்ளத்தை அணை போட்டு நிறுத்துகிறவனைப் போல நின்றிருந்தான்.

பூட்டு திறந்தது. பரசுராமன் நுழைந்து, பழக்க தோஷத்தில் கதவைச் சாத்தினான். எந்த யோசனையும் இல்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனான். முதல் கிளாஸை எடுத்துக் கம்பிக்கு வெளியே கவிழ்த்தான். ஒன்றும் விழவில்லை.

உள்ளே பார்த்தான். இரண்டாவதைக் கவிழ்த்தான், மூன்றாவதைக் கவிழ்த்தான். பிறகு ஏழையும் பார்த்தான். தட்டை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனான். வருஷக்கணக்காக எட்டிப் பார்க்காத கமிட்டி இன்றைக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போயிருக்கிறது!

"நைனா..." என்று யாரையோ கூப்பிட்டான். அந்த நேரம் பார்த்து அரண்மனை இரண்டாகப் பிரிந்து, ஜெய்னம்பு வெளியே வந்தாள்.

கத்தத்தான் வாய் திறந்தான். ஜெய்னம்பு விரலை உயர்த்தினாள்.

"கத்து. நல்லாக் கத்து. பூட்டுன ரூம்ல ரெண்டு திருடங்கன்னு சொல்லு. இப்பத்தானே மணி அடிச்ச? ஏழு மெம்பருங்க ஒன்றரை மணி நேரம் எங்க கூடத்தான் இருந்திருக்கணும். எப்படி இறங்கிப் போனாங்கன்னு கேப்பாங்க. சொல்லுவியா?"

பரசுராமன் திறந்த வாயை மூடினான். பூட்டினவன் அவன்தான், மாட்டிக்கொண்டவனும் அவன்தான். சாவி கையில் இருந்தும் வெளியே போக வழியில்லாத மனுஷனை ஜெரால்ட் அன்றைக்குத்தான் பார்த்தான்.

"நான் சின்ன வேலைக்காரன்க்கா. கமிட்டி தீர்மானம் எழுதற புக்கை எடுத்துக்கினு டி.வி.எஸ்ஸுல ஊடு ஊடா போவேன். தாளாளரு வெறும் பக்கத்துல ஏழு எடத்துல பென்சில் புள்ளி வெச்சிருப்பாரு. அந்தந்தப் புள்ளி மேல கையெழுத்து வாங்கினு வருவேன். அப்பால இன்னா எழுதுவாரோ, அவரு பாடு. இந்த தபா அந்த எடம் அவரு மச்சினன் மவனுக்குன்னு பேசிக்கிறாங்க."

"ரஷீத் பாய் எப்ப போட்டாரு?"

"முந்தாநேத்தே போட்டுட்டாரு. வலைக்கு வெலை பேசிக்கினே."

"நாற்காலி எங்க?"

அதற்குத்தான் பரசுராமன் உண்மையிலேயே வெட்கப்பட்டான். "ஆரம்பாக்கத்துல மச்சினிச்சி பொண்ணுக்குக் காதுகுத்து. யாரும் வரப்போறதில்லையேன்னு ஏழையும் வண்டியில ஏத்தி வுட்டேன்."

ஜெரால்ட் அதற்கு மேல் கேட்கவில்லை. படியிறங்கி, பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் இருந்த ஒரு குட்டிக் கட்டடத்தை நோக்கி ஓடினான். அந்த ஓட்டத்தை மாவட்ட விளையாட்டுப் போட்டியில் ஓடியிருந்தால் கோப்பை கிடைத்திருக்கும்.

*

மத்தியானம் ஒன்றரைக்கு, அரை நாள் லீவு போட்ட சோனியாவை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ பஜாருக்குப் போனது. சோனியா மூன்று முறை கேட்டாள். "இன்னாக்கா பேசினாங்க?" ஜெரால்ட் சாலையைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

"நான் சொல்லமாட்டேன்," என்றாள் ஜெய்னம்பு. "கமிட்டி வாயாலயே நீ கேக்கணும்."

ரஷீத் பாய் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். ஜெய்னம்புவைப் பார்த்ததும் குஷியாகிவிட்டார். கயிறு வாங்க வந்தவளாக இருக்கும் என்று சோனியாவை ஸ்டூலில் உட்காரச் சொன்னார்.

"இன்னாம்மா, ரூமுக்குள்ள பூந்தியா? நான் கண்ணுல விளக்கெண்ணெ ஊத்திக்கினு பாத்தேன், உன்னைக் காணோமே!"

"கூட்டம் எப்படிப் போச்சு மாமா?"

"அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது. ஆனா சண்டைம்மா! ஒரு கட்டத்துல என்னால பொறுக்க முடியல. எழுந்து நின்னு மேஜையத் தட்டுனேன் பாரு, கண்ணாடி அதிர்ந்துபோச்சு."

"எதுலேர்ந்து எழுந்தீங்க?"

"இது இன்னா கேள்வி? நாற்காலிலேர்ந்துதான். ஜன்னலோரம், என் நாற்காலி."

ஜெரால்ட் தொண்டையைச் செருமினான். "பாய், அந்த நாற்காலி இந்நேரம் ஆரம்பாக்கத்துல காதுகுத்து விருந்துல உக்காந்துகினு கீது. அதோட சேத்து ஆறு தம்பிங்களும்."

வெற்றிலை பாதி மடிப்பில் நின்றது.

ஜெய்னம்பு குரலை உயர்த்தவில்லை. கேட்டில் நின்று மடியில் இருப்பதை எடுக்கச் சொல்லும் அதே குரல். "ஒம்பதரையிலேர்ந்து பன்னெண்டரை வரைக்கும் அந்த ரூம்ல நாங்க ரெண்டே பேருதான் மாமா இருந்தோம். மேஜை மேலதான் உக்காந்திருந்தேன். ஏழு டீயையும் இவன்தான் குடிச்சான்."

"பொய்!" ரஷீத் பாய் எழுந்தார். "பூட்டுன ரூம்ல நீ பூந்தேன்னு நம்பச் சொல்றியா? நான் இருந்தேன்! கையெழுத்து கீது! இப்பவே போலீசைக் கூப்புடறேன்!"

"கூப்புடுங்க. நான் உள்ள இருந்தேன்னு நானே எழுதிக் குடுக்கறேன். நீங்களும் உள்ள இருந்தேன்னு எழுதிக் குடுங்க. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் ஏன் பாக்கலன்னு அவங்க கேப்பாங்க."

போனை நோக்கிப் போன கை பாதியில் நின்றது. முன்னால் போனால் பொய்ச் சாட்சி, பின்னால் போனால் ஒன்பது வருஷத்துக் கௌரவம். நாலு பக்கமும் கயிறு தொங்கும் கடையில் ரஷீத் பாய் கட்டிப்போட்ட மாதிரி நின்றார். அப்போதும், "நான் நம்பமாட்டேன்" என்றுதான் முணுமுணுத்தார்.

ஸ்டூலில் இருந்து சோனியா எழுந்தாள். அவளுக்கு நாற்காலியும் டீயும் இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. மூன்று தடவையும் பதில் கிடைக்காத கேள்வி.

"சார், நீங்களாவது சொல்லுங்க. என்னைப் பத்தி இன்னா பேசினீங்க? எங்கிட்ட எது சரியில்ல?"

ரஷீத் பாய் அவளை ஏற இறங்கப் பார்த்தார். உண்மையாகவே விளங்காத பார்வை.

"நீ யாரும்மா?"

சோனியாவின் முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல மெல்லத் தெளிவதை ஜெரால்ட் பார்த்தான். பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டான்.

"கணக்கு டீச்சர் சார். மூணு தபா என்னை வேணாம்னு கையெழுத்து போட்டீங்க. இன்னிக்கு நாலாவது."

ரஷீத் பாய் மெதுவாக உட்கார்ந்தார். வெற்றிலையைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். பிறகு மேஜை டிராயரைத் திறந்து, கடை பேர் அச்சடித்த தாள் ஒன்றை எடுத்தார். பேனாவைத் தேடி எடுத்தார். 'திருவள்ளூர் கல்வி அதிகாரி அவர்களுக்கு' என்று எழுதி, அடுத்த வரியில் வெகுநேரம் நின்றார். பென்சில் புள்ளி வைத்துக் கொடுக்காத தாளில் அவர் பேனா தடுமாறியது. அப்புறம் எழுதினார். ஒவ்வொரு வரியாக, நிறுத்தாமல், கடைசியில் கையெழுத்து வரைக்கும்.

தாளை சோனியாவின் பக்கம் திருப்பி வைத்தார்.

"இது நாளைக்கு அந்தக் கோப்புக்கு முன்னாடி போயிடணும். ஜெய்னம்பு, நீயே கொண்டு போ." பிறகு சோனியாவிடம் திரும்பினார். "இவ சொன்னது நெசம்மா. அந்த ரூம்ல இவதான் இருந்தா, நாங்கதான் இல்ல. மூணு தபாவும் இல்ல. உன் பேரு இன்னான்னு சொல்லும்மா, அதுக்கு மட்டும் எடம் வுட்டு வெச்சிருக்கேன்."